பியானோ இசையும் நம் நலமும்

காலை மணி அடிப்பதற்கு முன், நம் பள்ளியின் பெரிய மண்டபத்திலிருந்து பியானோ ஒலி மிதந்து வருவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சில நாள் அது காலை வழிபாட்டுப் பாடலாக இருக்கும். சில நாள் இசைத் தேர்வுக்குத் தயாராகும் ஒரு சிறுமியின் தடுமாறும் ஸ்கேல் பயிற்சியாக இருக்கும். அவ்வொலி நம் பள்ளி வாழ்வோடு கலந்துவிட்ட ஒன்று. எனினும் ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தவுடன் ஒரு கேள்வியும் கூடவே பிறக்கிறது. "மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. பியானோ வகுப்பை நிறுத்திவிடலாமா, சிஸ்டர்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். மாணவியரும் தயங்குகின்றனர். பலர் நிறுத்தியும் விடுகின்றனர்.

கேள்வி நியாயமானதே. பொதுத் தேர்வு எளிதன்று. நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான் உண்டு. ஆனால் விடை கூறுமுன், பியானோ இசையைக் கேட்பதாலும் வாசிப்பதாலும் நம் உடலுக்கும் உள்ளத்துக்கும் உண்மையில் விளையும் நன்மை யாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். மிகைப்படுத்தாமலும் குறைத்துக் கூறாமலும் அதனைச் சற்று ஆராய்வோம்.

ஒரு தாயின் துயரம்

வியன்னா நகரில் டோரதேயா வான் எர்ட்மன் என்னும் பெண்மணி வாழ்ந்தார். படை அதிகாரி ஒருவரின் மனைவியான அவர் சிறந்த பியானோ கலைஞர். இசைமேதை பீத்தோவனின் படைப்புகளை வாசிப்பதில் பெயர் பெற்றவர். அவருடைய குழந்தை இறந்துபோயிற்று. துக்கம் விசாரிக்க அவர் இல்லத்துக்குச் செல்லப் பீத்தோவனுக்கு முதலில் மனம் துணியவில்லை. பின்னர் ஒரு நாள் அவரைத் தம் இடத்துக்கு அழைத்தார். வழக்கமான ஆறுதல் மொழிகளைச் சொல்லாமல், இனி நாம் ஸ்வரங்களால் பேசுவோம் என்னும் கருத்துப்படக் கூறிவிட்டுப் பியானோவின் முன் அமர்ந்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாசித்தார். அந்த இசை தமக்கு எல்லாவற்றையும் சொல்லி, இறுதியில் ஆறுதலும் அளித்தது என்று அத்தாய் பல ஆண்டுகளுக்குப் பின் கூறினார். 1831-ஆம் ஆண்டு மிலான் நகரில் அவரைச் சந்தித்த மெண்டல்சன் என்னும் இளம் இசையமைப்பாளர் இச்செய்தியைத் தம் கடிதம் ஒன்றில் எழுதி வைத்தார். 1817-இல் வெளியான தம் பியானோ சொனாட்டா ஒன்றைப் பீத்தோவன் இப்பெண்மணிக்கே காணிக்கையாக்கினார்.

சொற்கள் பயன்படாத இடத்தில் இசை பயன்பட்டது. இதை நாமும் நம் அளவில் அறிந்தே இருக்கிறோம். விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கையர், வீட்டு நினைவு வந்த மாலைகளில் மண்டபத்துப் பியானோவின் அருகே போய் அமர்வதை நாம் கண்டதில்லையா?

மென்மையும் வன்மையும் ஒரே கருவியில்

இக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில் மெடிச்சி இளவரசரிடம் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபரி என்பவர் 1700-ஆம் ஆண்டை ஒட்டி இதனை உருவாக்கினார். அவர் 1720-இல் செய்த பியானோ ஒன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இன்றும் உள்ளது. அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. கிறிஸ்தோஃபரியின் கருவியிலோ சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்ளும். மெல்லத் தொட்டால் மெல்லொலி. ஓங்கித் தொட்டால் பேரொலி. 'பியானோ' என்றால் இத்தாலிய மொழியில் மென்மை. 'ஃபோர்ட்டே' என்றால் வன்மை. 'பியானோஃபோர்ட்டே' என்ற முழுப் பெயரே காலப்போக்கில் பியானோ எனச் சுருங்கியது.

இன்றைய பியானோவில் வெள்ளைக் கட்டைகள் 52, கருங்கட்டைகள் 36, ஆக 88 கட்டைகள் உள்ளன. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் பல டன் எடைக்கு ஈடான விசையுடன் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இத்தனை பெரிய விசையை உள்ளடக்கிய கருவி, ஒரு சிறுமியின் சுண்டுவிரலுக்குக் கட்டுப்பட்டு மெல்லிய ஒலி எழுப்புகிறது. விரலின் அழுத்தம் சிறிது மாறினாலும் ஒலி மாறிவிடும். ஆகவே வாசிப்பவர் தம் கையையும் செவியையும் மனத்தையும் ஒருங்கே கவனித்தாக வேண்டும். நாம் பின்னர்க் காணப்போகும் நன்மைகளுக்கு இந்தக் கவனமே அடிப்படை.

கேட்பவருக்கு விளையும் நன்மை

இசையைக் கேட்கும்போது நம் உடலில் என்ன நிகழ்கிறது? இத்தாலிய ஆய்வாளர்கள் இசைப்பயிற்சி உள்ளவரும் இல்லாதவருமாக 24 பேருக்குப் பலவகை இசையைக் கேட்கச் செய்து, அவர்களுடைய மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தனர். அவ்விசை வகைகளுள் நம் நாட்டு ராகம் ஒன்றும் இருந்தது. 2006-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு சுவையானது. இசை விரைவாகச் சென்றபோது மூச்சும் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின. எந்த நாட்டு இசை என்பதைவிட எவ்வளவு விரைவான இசை என்பதே முக்கியமாக இருந்தது. மற்றொரு வியப்பும் உண்டு. இசைகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் அமைதி விட்டபோது, உடல் இசை தொடங்கும் முன் இருந்ததைவிடக் கூடுதலாக ஓய்வு பெற்றது! மெதுவான இசையும், அதன்பின் வரும் அமைதியும் நமக்கு இளைப்பாறுதல் தருகின்றன என்பது இதனால் விளங்கும். இசைக்குப் பின் சற்று நேரம் பேசாதிருக்கும்படி நம் அருட்சகோதரியர் சொல்வதில் பொருள் இருக்கிறதல்லவா?

மருத்துவமனைகளிலும் இசை பயன்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இசை கேட்ட நோயாளிகளைப் பற்றிய 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2015-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இசை கேட்டவர்களுக்கு வலியும் அச்சமும் குறைந்தன. வலி நிவாரண மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆயினும் அவர்கள் மருத்துவமனையிலிருந்து முன்னதாக வீடு திரும்பினர் என்று சொல்ல முடியவில்லை. எனவே இசை நோயைப் போக்கும் மருந்தன்று. நோயின் துன்பத்தைத் தணிக்கும் துணை. மருத்துவர் தந்த மாத்திரைக்குப் பதிலாக இசைத்தட்டை வைத்துக்கொள்ளலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

படுக்கைக்குச் செல்லுமுன் மனம் அடங்க விரும்புவோர் ஷூமன் 1838-இல் இயற்றிய 'குழந்தைப் பருவக் காட்சிகள்' என்னும் தொகுப்பிலுள்ள 'கனவு' என்ற சிறு பகுதியையோ, பாக் இயற்றிய 'சி மேஜர்' முன்னிசையையோ கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் சில நிமிடங்களில் முடிபவை. காதில் கருவி பொருத்திக் கேட்பவர்கள் ஒலியைக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். உரத்த ஒலியால் பழுதுபட்ட செவி நரம்பு மீண்டும் வளர்வதில்லை.

மொசார்ட்டைக் கேட்டால் அறிவு வளருமா?

பெற்றோர் பலர் ஒரு செய்தியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். மொசார்ட்டின் இசையைக் கேட்கும் குழந்தைகள் புத்திசாலிகளாவர் என்பதே அச்செய்தி. இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1993-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள், மொசார்ட் இரண்டு பியானோக்களுக்கென இயற்றிய ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டனர். பின்னர் தாளை மடித்து வெட்டினால் எவ்வடிவம் வரும் என்பது போன்ற கணக்குகளைச் சற்று நன்றாகச் செய்தனர். அந்தப் பயன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அவர்கள் குழந்தைகளும் அல்லர். ஆனால் செய்தி ஊர் ஊராகப் பரவியபோது உருமாறிவிட்டது. 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அரசுச் செலவில் இசைப்பதிவு வழங்கத் திட்டம் முன்வைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது!

2001-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினர். மொசார்ட்டின் அந்த இசை உற்சாகமானது. கேட்டவரின் மனம் மலர்ந்தது. மலர்ந்த மனம் கணக்கைச் சற்று நன்றாகப் போட்டது. அவ்வளவே. துயரம் தோய்ந்த மெதுவான இசையைக் கேட்டவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை.

சரி, கேட்பதை விடுவோம். கற்றுக்கொண்டால் மதிப்பெண் கூடுமா? 2004-இல் கனடாவின் டொரான்டோ நகரில் 144 ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கீபோர்டோ வாய்ப்பாட்டோ ஓராண்டு கற்றவர்களின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. ஆனால் 2020-இல், ஏறத்தாழ 7,000 குழந்தைகளைப் பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கண்டிப்பான முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் அத்தகைய உயர்வு அநேகமாக இல்லை என்று தெரிந்தது. ஆகவே பியானோ கற்றால் கணக்கில் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்று எவரேனும் கூறினால் நாம் நம்ப வேண்டியதில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்த பெற்றோர் ஏமாற்றமே அடைவர். பியானோவின் உண்மையான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது.

வாசிப்பவருக்கு விளையும் நன்மை

பியானோ வாசிக்கும் மாணவியைக் கவனித்துப் பாருங்கள். கண் இரண்டு வரிசை இசைக்குறிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கிறது. வலக்கை ஒன்றைச் செய்ய, இடக்கை வேறொன்றைச் செய்கிறது. கால் மிதியை அழுத்துகிறது. செவி பிழையைக் கண்டுபிடிக்கிறது. அடுத்த அடி என்ன என்பதை மனம் முன்கூட்டியே நினைக்கிறது. இத்தனையும் தாளம் தவறாமல் நடக்க வேண்டும்!

இப்பயிற்சி மூளையிலேயே தடம் பதிக்கிறது. நம் மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒரு நரம்புப் பாலம் இணைக்கிறது. ஏழு வயதுக்கு முன்பே இசை கற்கத் தொடங்கியவர்களுக்கு அப்பாலத்தின் முன்பகுதி பெரிதாக இருந்ததை 1995-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2005-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பியானோ கலைஞர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். சிறுவயதில் எத்தனை மணி நேரம் பயின்றார்களோ அதற்கேற்ப அவர்களின் நரம்பு இழைகள் செம்மையாக அமைந்திருந்தன.

மாணவியருக்கு மிகவும் பயன்படக்கூடிய ஆய்வு ஒன்றும் உண்டு. 1995-இல் வெளியான அதில், பியானோ அறியாத சிலர் ஐந்து விரல்களுக்கான ஒரு பயிற்சியை நாளுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் வாசித்தனர். வேறு சிலர் கருவியின் முன் அமர்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தனர். ஐந்து நாள் கழித்து, விரல்களை இயக்கும் மூளைப் பகுதி இரு சாராருக்குமே விரிவடைந்திருந்தது! வாசிப்புத் திறனில் கையால் பயின்றவர்களே முந்தினர் என்றாலும், மனப்பயிற்சியும் வீண்போகவில்லை. வீட்டில் பியானோ இல்லாத மாணவியருக்கு இது நல்ல செய்தி. இசைக்குறிப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரல் விரலாக நினைத்துப் பார்ப்பதும் பயிற்சியே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை ஒன்றை நாம் நம் பள்ளியிலேயே காண்கிறோம். கடினமான ஒரு வரியை முதல் நாள் வாசிக்க முடியாது. இரண்டாம் நாளும் முடியாது. ஒவ்வொரு கையாகப் பிரித்து, மெதுவாக்கி, பத்து முறை, இருபது முறை வாசித்தால், ஒரு நாள் அது தானாக வந்துவிடும். பிழை செய்வது குற்றமன்று, திருத்தாமல் விடுவதே குற்றம் என்பதைப் பியானோ கற்பிக்கிறது. இருவர் ஓர் இருக்கையில் அமர்ந்து இரட்டையாக வாசிக்கும்போதும், பாடகர் குழுவுக்கு வாசிக்கும்போதும், தன் ஒலியைத் தாழ்த்திப் பிறர் ஒலியைக் கேட்கும் பண்பு வளர்கிறது.

முதியோருக்கும் நோயுற்றோருக்கும்

இந்நன்மை இளையோருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 60 முதல் 85 வயது வரையுள்ள 31 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் பியானோ கற்றனர். கவனம், மனத்தின் விரைவு ஆகியவற்றைச் சோதித்தபோது, கல்லாதவர்களைவிட அவர்கள் முன்னேறியிருந்தனர். எண்ணிக்கை சிறியதே, ஆயினும் 'இந்த வயதில் இனி எதற்கு?' என்று கேட்கும் பாட்டிமாருக்கு இது ஊக்கம் தருவதாகும்.

அதே 2007-இல் ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி இன்னும் நெஞ்சைத் தொடுவது. பக்கவாதத்தால் கை தளர்ந்துபோன நோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சையுடன், மூன்று வாரத்தில் 15 முறை மின்பியானோவிலும் மின்முரசிலும் எளிய மெட்டுகளை வாசிக்கக் கற்பித்தனர். அவர்கள் இதற்குமுன் இசை கற்றவர்கள் அல்லர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுடைய விரல்கள் விரைவாகவும் துல்லியமாகவும் அசையத் தொடங்கின. காரணம் எளிது. தளர்ந்த விரலை வெறுமனே அசைத்தால் சரியாக அசைத்தோமா என்பது புலப்படாது. கட்டையை அழுத்தினால் ஒலி உடனே சொல்லிவிடும்; அழகிய மெட்டாக அது வளரும்போது மறுபடியும் செய்யும் ஆவலும் பிறக்கும்.

எச்சரிக்கையும் தேவை

அளவுக்கு மீறினால் அமுதமும் நஞ்சாகும். மேலே கூறிய ஷூமன் இளமையில் பெரும் பியானோ கலைஞராக விரும்பியவர். 1830-களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கை விரல் கெட்டுப்போனது. அதன்பின் அவர் இசை இயற்றுவதில் முழுமையாக ஈடுபட்டார். அமெரிக்கக் கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1960-களின் நடுவில் வலக்கையின் இரண்டு விரல்கள் கட்டுப்பாடின்றி மடங்கிக்கொண்டன. அவர் மனம் உடைந்தாலும் இசையை விடவில்லை. மாணவர்களுக்குக் கற்பித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், இடக்கைக்கென இயற்றப்பட்ட படைப்புகளை வாசித்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் சிகிச்சையால் பயன் பெற்று மீண்டும் இரு கைகளாலும் வாசித்தார். 2020-இல் அவர் மறைந்தார்.

ஆகவே மாணவியர் இவற்றை நினைவில் வைக்க வேண்டும்:

1. இருக்கையின் உயரம் முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கும்படி அமைய வேண்டும். கால் தரையில் எட்டாத சிறுமியருக்கு ஒரு சிறு பலகை போட வேண்டும்.

2. தோள்களைத் தூக்கிக்கொண்டு வாசிக்கக் கூடாது. நகங்களை வெட்டி வைத்திருக்க வேண்டும்.

3. இருபது அல்லது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை உதறிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர வேண்டும்.

4. ஒரு ஸ்வரத்திலிருந்து அதே ஸ்வரத்தின் மேல்நிலைக்குக் கட்டைகளின் தொலைவு ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர். சிறிய கை உடையவர்கள் அதை எட்ட வலிந்து விரிக்காமல், ஆசிரியையிடம் சொல்லி வேறு பாடம் பெற வேண்டும்.

5. வலி வந்தால் நிறுத்த வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமன்று.

நிறுத்திவிடலாமா?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்புவோம். பியானோ மதிப்பெண்ணைக் கூட்டித் தராது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவிக்கு மிகவும் தேவையானவை எவை? படபடக்கும் நெஞ்சுக்கு அமைதி, சிதறும் மனத்துக்கு ஒருமை, தோற்றாலும் மறுபடி முயலும் பொறுமை ஆகியனவே. இவற்றைப் பெற நாளுக்கு அரைமணி நேரம் போதும். இசைத் தேர்வை அந்த ஆண்டு ஒத்திவைக்கலாம். புதிய பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். பிடித்தமான பழைய பாடங்களை மட்டும் வாசிக்கலாம். இசையையே விட்டுவிட வேண்டியதில்லை.

பெற்றோரே, மாலையில் உங்கள் மகள் புத்தகத்தை மூடிவிட்டுப் பியானோவின் முன் அமர்ந்தால், நேரம் வீணாகிறது என்று எண்ணாதீர்கள். சற்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அந்த அரைமணி உங்களுக்கும் ஓய்வாகும். தங்கையரே, மண்டபத்துப் பியானோவின் மூடியைத் தேர்வுக்காக ஓராண்டு மூடி வைத்தவர்கள் பலர் அதனைப் பிறகு திறக்கவே இல்லை என்பதை மறவாதீர்கள். நாளை காலை மணி அடிப்பதற்கு முன், அந்தத் தடுமாறும் ஸ்கேல் ஒலி நம் மண்டபத்திலிருந்து மீண்டும் கேட்கட்டும்!